யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தாமான் சமூக மண்டபத்தில் அப்பாவும் அவருடைய நண்பர்களும் பூப்பந்து ஆடுவார்கள். எல்லாருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்காலில் பட்டை, தோளில் தைல வாசம். ஆனால் அந்த மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் காலம் 2005-ஆம் ஆண்டோடு நின்றுவிடும். இன்றும் அவர்கள் பழைய 15 புள்ளி முறையில்தான் ஆடுகிறார்கள். சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி வென்றால் சர்வீஸ் அவர் கைக்கு மாறும், புள்ளி கிடைக்காது. "சர்வீஸ் கையில இல்லாமலே பாயிண்டா? அது என்ன வெளையாட்டு?" என்பது அப்பாவின் நிலையான கேள்வி. அவர் கேட்கும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

2025-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்து கைப்பேசியில் ஒரு பூப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சோதித்துப் பார்க்கப்படும் 15 புள்ளி முறையில் நடந்த ஆட்டம் அது. வெளியே போய் ஒரு தேநீர் வாங்கி வந்து பார்த்தால், முதல் செட் முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையெல்லாம் யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். "இதேதாம்மா நானும் கேட்டேன். அப்ப உனக்கு ரெண்டு வயசு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைச் சிந்திக்க வைத்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பூப்பந்து என்றால் 21 புள்ளிதான். எனக்கு அது இயற்கை. அப்பாவுக்கு அது திணிப்பு. இன்று எனக்குத் திணிப்பாகத் தெரியும் 15 புள்ளி, நாளை பிறக்கும் ஒரு குழந்தைக்கு இயற்கையாக இருக்கக்கூடும். அப்படியானால் ரசிகரின் கோபம் என்பது வெறும் பழக்கத்தின் முனகல்தானா? அல்லது அதில் ஏதேனும் நியாயமும் உண்டா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விதிகள் மாறியதால் பூப்பந்து கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சில மாற்றங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் நாட்டுக்கே வலித்த மாற்றம்.

1980-களின் தொடக்கத்தில் சிடேக் சகோதரர்கள் போட்ட 'எஸ் சர்வீஸ்' உலகத்தையே திணறடித்தது. பந்தின் தக்கைப் பகுதியை அடிக்காமல் இறகுப் பகுதியை உரசி அடிப்பதால், பந்து தள்ளாடிக்கொண்டே வலையைத் தாண்டும். எதிராளியால் அதைச் சரியாகத் திருப்பி அனுப்ப முடியாது. 1982-இல் ரசிப் சிடேக், ஜலானி சிடேக் இருவரும் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றனர். அதே ஆண்டில் அனைத்துலகச் சம்மேளனம் அந்தச் சர்வீசைத் தடை செய்தது. நம்மவர்களின் ஆயுதத்தைப் பறித்துவிட்டார்கள் என்று அன்றைய மலேசிய ரசிகர்கள் குமுறியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் நிதானமாக எண்ணிப் பாருங்கள். சர்வீசிலேயே புள்ளி முடிந்துவிட்டால் அங்கே ஆட்டம் எங்கே இருக்கிறது? அந்தத் தடை சிடேக் சகோதரர்களை அழித்துவிடவும் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் அதே ரசிப்பும் ஜலானியும் வெண்கலம் வென்று, மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 2023-இல் பந்தைச் சுழற்றிவிட்டு அடிக்கும் புதுவகைச் சர்வீஸ் ஒன்று தலைகாட்டியபோது, உலகச் சம்மேளனம் அதையும் இடைக்காலமாகத் தடை செய்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆட்டத்துக்கு ஒரு நோய் வந்தது; அதற்கு மருந்து கொடுத்தார்கள்.

மாறாக, ஆட்டத்தில் நோயே இல்லாதபோது கொடுக்கப்பட்ட மருந்துகளும் உண்டு. 2011-இல் பெண் ஆட்டக்காரர்கள் பாவாடையோ கவுனோ அணிந்துதான் களமிறங்க வேண்டும் என்று ஒரு விதியைக் கொண்டுவர முனைந்தார்கள். பெண்கள் பூப்பந்து பார்க்கக் கவர்ச்சியாக இருக்க வேண்டும், கூட்டம் சேர வேண்டும் என்பதே காரணம். பள்ளிக் காலம் முழுவதும் நீளக் காற்சட்டையோடு ஆடியவள் நான். நான் அடித்த பந்து அதனால் ஒருநாளும் வலையில் சிக்கியதில்லை. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் பல நாடுகளிலிருந்து எதிர்ப்புத் தெரிவிக்கவே, அந்த விதி ஒத்திவைக்கப்பட்டு, 2012-இல் கைவிடப்பட்டது. ரசிகரின் கோபம் பயனற்றது என்று சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றமும் தலைகீழாகப் போகலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் குழுச் சுற்று முறையைப் புகுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் உழைத்து வரும் ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் தோற்று வீடு திரும்பக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் என்ன நடந்தது? அடுத்த சுற்றில் எளிதான எதிராளி கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் இரட்டையர் பிரிவில் இரு தரப்பும் தோற்பதற்குப் போட்டி போட்டார்கள். வேண்டுமென்றே சர்வீசை வலையில் அடித்தார்கள். பணம் கொடுத்து வந்திருந்த ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். முடிவில் சீனா, இந்தோனேசியா, தென் கொரியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 4 இணைகள், அதாவது 8 ஆட்டக்காரர்கள், தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை ஆட்டக்காரர்களுக்கு. அந்த ஓட்டையோடு விதியை வகுத்தவர்களுக்கு?

ஆகவே மாற்றம் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. இந்த மாற்றம் ஆட்டத்தின் நோய்க்கு மருந்தா, இல்லை ஆட்டத்தை விற்பவரின் கணக்குப் புத்தகத்துக்கு மருந்தா என்பதே கேள்வி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் 2006-ஆம் ஆண்டுக் கோபத்துக்கு வருவோம்.

பழைய முறையில் ஓர் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் மாறி மாறிச் சர்வீசை இழந்துகொண்டே இருந்தால், அரைமணி நேரம் ஆடியும் புள்ளிப் பலகை அசையாது. 1997 உலக வெற்றியாளர் போட்டியில் டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசனும் சீனாவின் சுன் ஜுனும் மோதிய ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டம் 124 நிமிடங்கள் நீடித்தது. தொலைக்காட்சிக்கு இது பெரிய தலைவலி. ஐந்து செட், செட்டுக்கு 7 புள்ளி என்று ஒரு முறையைச் சோதித்தார்கள். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில்கூட அது பயன்பட்டது. பிறகு அதையும் கைவிட்டார்கள். கடைசியில் 2006-இல் வந்ததுதான், யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு அடியாட்டத்துக்கும் ஒரு புள்ளி என்ற 21 புள்ளி முறை.

இந்த இடத்தில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. அந்த 21 புள்ளி முறையைக் கொண்டுவருவதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் பஞ்ச் குணாளன். 1970 ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 1971-இல் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றவர். 1974 காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றவர். ஆடி ஓய்ந்த பிறகு அனைத்துலகச் சம்மேளனத்தின் துணைத் தலைவராக உயர்ந்தவர். 2005-இல் சம்மேளனத்தின் தலைமையகம் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2012-இல் மறைந்தார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "குணாளன் பெரிய ஆட்டக்காரரும்மா. ஆனா இந்த ஒண்ணுல எனக்கும் அவருக்கும் ஒத்துவராது" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

அப்பாவின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. "புள்ளி வேணும்னா முதல்ல அதுக்கு உரிமை வாங்கணும், சர்வீஸ்தான் அந்த உரிமை" என்பார். பழைய முறையில் 14 புள்ளி எடுத்து நிற்பவரும் சர்வீசை இழந்துவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். பின்தங்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து வரலாம். புதிய முறை அந்த வாய்ப்பைக் கொன்றுவிடும் என்று அவர் தலைமுறை அஞ்சியது.

அந்த அச்சத்துக்கு விடை 2006-லேயே கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் கூச்சிங்கில் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியின் இறுதியாட்டம். லீ சோங் வெய்யும் லின் டானும் ஆளுக்கொரு செட் வென்றிருந்தனர். மூன்றாவது செட்டில் லின் டான் 20, லீ சோங் வெய் 13. இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். அங்கிருந்து எழுந்து வந்து 23-21 என்று வென்றார் லீ சோங் வெய். பதிவில் அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பழைய முறையில் ஒரு தவறு செய்தாலும் சர்வீஸ்தான் போகும். இங்கே ஒரே தவறு, கதை முடிந்தது. அப்படியிருந்தும் எழுந்தார். புதிய முறை போராட்டத்தைக் கொல்லவில்லை. அதற்கு வேறோர் உருவம் கொடுத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. பழைய முறையில் மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் 15 புள்ளி, பெண்கள் ஒற்றையருக்கு மட்டும் 11. 2006-இல்தான் எல்லாருக்கும் ஒரே கணக்கு வந்தது. இதை அப்பாவே ஒப்புக்கொள்கிறார். ஆகவே 2006-ஆம் ஆண்டு மாற்றத்தில் தொலைக்காட்சியின் கை இருந்தது உண்மையென்றாலும், ஆட்டத்தில் உண்மையாகவே இருந்த ஒரு குறைக்கு அது மருந்தாகவும் அமைந்தது.

இனி இன்றைய சர்ச்சைக்கு வருவோம். 21 புள்ளி முறையை மாற்றும் முயற்சி திடீரென்று முளைத்ததன்று. 2018-இல் ஐந்து செட், செட்டுக்கு 11 புள்ளி என்ற திட்டம் உறுப்பு நாடுகளின் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை, தோற்றது. 2021-இல் அதே திட்டம் மீண்டும் வந்தது. 66.31 விழுக்காடு ஆதரவு, தேவைப்பட்டது 66.67. அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் மீண்டும் தோற்றது. பிறகு 2025-இல் மூன்று செட், செட்டுக்கு 15 புள்ளி என்ற திட்டம் சில போட்டிகளில் சோதிக்கப்பட்டது. சம்மேளனத்தின் மன்றம் அதை ஆதரித்து வாக்கெடுப்புக்கு அனுப்ப முடிவு செய்தது. இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன வீட்டில் மூன்றாம் முறையும் பெண் கேட்டு வந்தார்கள், தாம்பூலத் தட்டை மட்டும் மாற்றிக்கொண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது நான் சொன்ன மூன்று முறைகளிலும் ஓர் ஆட்டக்காரர் வெல்வதற்குக் குறைந்தது எத்தனை புள்ளி எடுக்க வேண்டும்? 21 புள்ளி முறையில் இரண்டு செட்டுக்கு 42. வாக்கெடுப்பில் தோற்ற 11 புள்ளி முறையில் மூன்று செட்டுக்கு 33. புதிய 15 புள்ளி முறையில் இரண்டு செட்டுக்கு 30. அதாவது, ஆட்டம் மிகவும் சுருங்கிவிடும் என்று பலர் அஞ்சி நிராகரித்த திட்டத்தைவிட இது இன்னும் சிறியது! இதை எடுத்துச் சொன்னால், "மூன்று செட் முறை அப்படியேதான் இருக்கிறது, பெரிய மாற்றமில்லை" என்கிறார்கள்.

சிலர் கேட்கலாம்: 13-20 என்ற நிலையிலிருந்து எழுந்ததுபோல் 7-14 என்ற நிலையிலிருந்தும் எழலாமே? எழலாம். கடைசி நேரப் போராட்டம் எந்தக் கணக்கிலும் இருக்கும். சுருங்குவது கடைசி அன்று; நடுப்பகுதி. பூப்பந்தில் முதல் ஆறேழு புள்ளிகள் எதிராளியைப் படிப்பதற்கு. அவர் எந்தப் பக்கம் தடுமாறுகிறார், அரங்கில் காற்று எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்ப்பதற்கு. 21 புள்ளி முறையில் ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் ஓர் இடைவேளை. பயிற்றுநர் காதில் ஏதோ சொல்வார். அதன் பிறகு ஆட்டத்தை மாற்றி அமைக்க, முன்னணியில் இருப்பவருக்கு இன்னும் 10 புள்ளி தேவைப்படும் காலம் கையில் இருக்கிறது. 15 புள்ளி முறையில் 8-இல் இடைவேளை, மிஞ்சுவது 7. படித்து முடிப்பதற்குள் தேர்வு முடிந்துவிடுகிறது. கைவலிமையும் தொடக்க வேகமும் உள்ளவருக்கு இது சாதகம். மெதுவாகச் சூடேறி, சிந்தித்து ஆடுபவருக்குப் பாதகம். உலகப் பூப்பந்தில் நாம் நேசித்த ஆட்டக்காரர்கள் பலர் இந்த இரண்டாம் வகையினர் அல்லவா?

மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களையும் பார்ப்போம். ஆட்டங்கள் நீண்டுவிடுகின்றன, ஆட்டக்காரர்கள் களைத்துக் காயமடைகிறார்கள் என்பது ஒன்று. 2016 ஆசிய வெற்றியாளர் போட்டியில் ஒரு பெண்கள் இரட்டையர் ஆட்டம் 161 நிமிடங்கள் நடந்தது உண்மைதான். ஆனால் உடலை உடைப்பது ஒரு நாளின் ஓர் ஆட்டம் மட்டுமா? 2018-இல் தொடங்கிய உலகச் சுற்றில், முன்னணி ஆட்டக்காரர்கள் குறிப்பிட்ட பெரிய போட்டிகளில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் அபராதம் என்று விதி வைத்தவர்கள் யார்? ஆட்டக்காரர்மேல் உண்மையான அக்கறை இருந்தால், புள்ளியைக் குறைப்பதற்கு முன் போட்டிகளைக் குறைத்துப் பார்க்கலாமே. போட்டிகளைக் குறைத்தால் வருமானம் குறையும். புள்ளிகளைக் குறைத்தால் குறையாது. விடை அங்கே இருக்கிறது.

இன்னொரு காரணம்தான் என்னை உறுத்துகிறது. இளைய தலைமுறைக்குப் பொறுமை இல்லையாம். நீண்ட ஆட்டங்களைப் பார்க்க மாட்டார்களாம். அந்த இளைய தலைமுறையைச் சேர்ந்தவள் நான். மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு, மூன்றாவது செட் முடியும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பு நண்பர்கள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். நாங்கள் பொறுமையற்றவர்கள் என்று யார் எங்களிடம் வந்து கேட்டார்கள்? எங்கள் பெயரைச் சொல்லி, எங்களுக்குப் பிடித்ததையே வெட்டுகிறார்கள்.

ரசிகர்களுக்கு என்ன தெரியும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இந்தக் கூடத்துக்கு வாடகை கட்டுவது நாங்கள்தானே? நுழைவுச்சீட்டு வாங்குபவரும், தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டுபவரும், விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் ரசிகர்தான். ரசிகரே விதி வகுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி விட்டிருந்தால் 'எஸ் சர்வீஸ்' இன்றும் இருந்திருக்கும், நம் அரங்கில் நாமே வென்றுகொண்டிருந்திருப்போம், ஆட்டம் செத்திருக்கும்.

நான் கேட்பது மூன்றே மூன்று. முதலாவது, சோதனை நடத்தினால் அதன் முடிவுகளை எல்லாரும் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் வெளியிட வேண்டும்: எத்தனை நிமிடம் குறைந்தது, பின்தங்கியவர் எத்தனை முறை மீண்டு வந்தார், காயங்கள் உண்மையிலேயே குறைந்தனவா. இரண்டாவது, வாக்களிக்கும் ஒவ்வொரு தேசியச் சங்கமும் தன் ஆட்டக்காரர்களிடமும் ரசிகர்களிடமும் கருத்துக் கேட்ட பிறகே வாக்களிக்க வேண்டும். எந்தப் பக்கம் வாக்களித்தது, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். தலைமையகமே கோலாலம்பூரில் இருக்கும் நாட்டில் இது நடக்க முடியாத காரியமா? மூன்றாவது, ஒரு முறை நிராகரிக்கப்பட்ட எண்ணத்தை வேறு எண்ணிக்கையில் மீண்டும் கொண்டுவருமுன், முன்பு ஏன் நிராகரித்தார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கோபத்துக்கும் என் கோபத்துக்கும் உள்ள வேற்றுமை எனக்கு இப்போது புரிகிறது. 21 புள்ளி முறை வந்தபோது அப்பா தவறாகக் கணித்தார், ஆட்டம் சாகவில்லை. 15 புள்ளியைப் பற்றி நானும் தவறாகக் கணித்திருக்கலாம். ஆனால் அவர் அன்று கேட்ட கேள்வி தவறானதன்று. யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்ற கேள்விக்கு அவருக்கு யாரும் விடை சொல்லவில்லை. அதனால்தான் ஐம்பது வயதைத் தாண்டிய எட்டுப் பேர், வாரம் தவறாமல் ஒரு மண்டபத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் பழைய கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பூப்பந்தை விட்டுவிடவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

புதிய ரசிகரைத் தேடிப் போகிறவர்கள், இருக்கும் ரசிகர் எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறார் என்பதையும் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். ஆட்டத்தை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு மாற்றுங்கள்.